டீசலுக்கு ஏன் சாலை வரி?

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஒன்றியத்துப் பெரியவர்களே, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த அண்ணன் அவர்களே, சால்வை போட்ட தம்பிகளே, யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

பெட்ரோல் டிராக்டர் இங்கே ஏன் போணியாகவில்லை, டீசல் ஏன் ஜெயித்தது, பேட்டரி டிராக்டர் வருமா என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழியிலேயே ஆரம்பிக்கிறேன்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அமெரிக்காவில் ஃபோர்டு 1947 முதல் 1952 வரை 8என் என்ற சின்ன டிராக்டரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது, பெரும்பாலும் பெட்ரோல். அங்கே பெட்ரோல் மலிவு, எஞ்சினும் விலை குறைவு, சட்டென்று கிளம்பும். டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி அந்தச் சூட்டில் எரிகிற வகை, அதைத் தாங்க கனத்த இரும்பு வேண்டும், விலை ஏறும், குளிரில் முரண்டு பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க உழுகிறவனுக்கு அதே வேலையைக் குறைந்த எண்ணெயில் முடித்துக் கொடுக்கும். 1949ல் ஜான் டீர் கம்பெனி தன் முதல் டீசல் டிராக்டரான மாடல் ஆர் வண்டியை இறக்கியபோது, அதைக் கிளப்புவதற்கென்றே உள்ளே ஒரு குட்டிப் பெட்ரோல் எஞ்சின் வைத்தார்கள்.

நமக்குக் குட்டி எஞ்சின் ஏது, மேடுதான். எங்கள் பெரியப்பா டிராக்டரில் பேட்டரி எப்போதும் செத்தே கிடக்கும். சாயங்காலம் ஏரிக்கரை மேட்டில் நிறுத்துவார், காலையில் உருட்டி, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். ஒரு பங்குனியில் மேட்டுக்கு நேர் கீழே கூத்துக் கொட்டகை போட்டுவிட்டார்கள். விடிந்தும் கூத்து முடியவில்லை, கர்ணன் சாகிற வழியாகத் தெரியவில்லை. மேலே டிராக்டரில் உட்கார்ந்திருந்த மனுஷன் பொறுக்க முடியாமல், "டேய் அர்ஜுனா, சீக்கிரம் அம்பை விடுடா, எனக்கு உழவு கிடக்கு!" என்று கத்த, ஊரே சிரித்தது. கடைசியில் கர்ணனும் அர்ஜுனனும் கிரீடத்தோடு ஏறி வந்து வேறு பக்கமாகத் தள்ளிவிட்டார்கள். அவ்வளவு பட்டும் அவர் டீசலை விடவில்லை.

ஏன் விடுவார்? டீசல் அப்போது பெட்ரோலைவிட நன்றாகவே மலிவு, அரசு விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தப் பிடி போனது. இப்போது களை எடுக்கிற பவர் வீடருக்குப் பெட்ரோல் போடுகிறோம், டிராக்டர் என்றால் டீசல்தான், ஆனால் சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிட்டது.

2021 பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று ஒரு தனி வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.50 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் போட்டார்கள். வேறு வரியைக் குறைத்து ஈடுகட்டினோம் என்றார்கள், சரி. ஆனால் விவசாயம் என்று பெயர் வைத்து விவசாயி டேங்கிலேயே கை வைப்பது என்ன நியாயம்? சாலைக்கான செஸ்ஸும் அதே டீசலில்தான். சேற்றில் ஓடும் கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரத்துக்கு எந்த நெடுஞ்சாலை ஐயா? அமெரிக்காவில் வயலுக்குப் போகும் டீசலில் சிவப்புச் சாயம் கலந்து, சாலைக்கான மத்திய வரி இல்லாமல் விற்கிறார்கள், அதைப் போட்டுச் சாலையில் லாரி ஓட்டினால் அபராதம். சாயம் முடியாதென்றால் நிலக் கணக்கான சிட்டாவைப் பார்த்து ஏக்கர் கணக்கில் வரியைத் திருப்பிக் கொடுங்கள். கர்நாடகத்தில் 2022ல் டீசலுக்கென்று ஏக்கருக்கு 250 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை அறிவிக்கவில்லையா?

தலைவர் மணி அடிக்கிறார். பேட்டரி டிராக்டர் அடுத்த கூட்டத்துக்கு. வரியைத் திருப்பிக் கேட்கும் மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பெயர், ஊர், சர்வே எண் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள்.