முதல் தொகுப்பே உச்சம்: ட்ரேசி சாப்மனை முன்வைத்து ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். இசைக்கலைஞரின் முதல் பாடல் தொகுப்பே (ஆல்பம்) அவருடைய சிறந்த படைப்பாக நிலைத்துவிடுகிறதா, பின்னர் வருபவை அதைக் கடந்துவிடுகின்றனவா என்னும் இவ்வழக்கில், நிலைத்துவிடுகிறது என்று வாதிடும் அணியின் சார்பில் நான் அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனைச் சாட்சியாக அழைக்கிறேன்.

கிளீவ்லாந்தில் வறுமையில் வளர்ந்து, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஹார்வர்டு சதுக்கத்தின் தெருவோரத்தில் கிதாருடன் நின்று பாடியவர் அவர். அந்த ஆண்டுகளின் பாடல்களைச் சுமந்துகொண்டு 1988இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. கார் ஒன்றில் ஏறி வறுமையைவிட்டுத் தப்பிவிடலாம் என நம்பும் பெண்ணின் கதையை ‘ஃபாஸ்ட் கார்’ சொல்கிறது. சுவருக்கு அப்பால் அடிபடும் பெண்ணின் அலறலையும், அழைத்தாலும் தாமதித்தே வரும் காவல்துறையையும் பாடும் இன்னொரு பாடலில் வாத்தியமே இல்லை, குரல் மட்டும்தான். கேட்டவர் எவரும் அதை எளிதில் கடந்துவிட முடியாது. அதே ஆண்டு ஜூனில், சிறையிலிருந்த மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், பாடகர் ஸ்டீவி வொண்டரின் மின்னணு இசைக்கருவிக்குரிய கணினி வட்டு காணாமற்போனதால் நேர்ந்த இடைவெளியை நிரப்ப, முன்பே பாடிமுடித்திருந்த சாப்மன் மீண்டும் ஒற்றைக் கிதாருடன் மேடையேறினார். தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது.

அனுபவம் கூடினால் கலையும் கூடும் என்றார் எதிரணித் தலைவர். ஆனால் முதல் தொகுப்புக்குப் பின்னால் கலைஞரின் இளமை முழுவதும் இருக்கிறது. சாப்மனின் இரண்டாம் தொகுப்போ மறு ஆண்டே, 1989இல், வெளிவந்தது. புகழும் பயணங்களும் சூழ்ந்த அந்த ஓராண்டு, பெயரறியாமல் பாடித் திரிந்த ஆண்டுகளுக்கு எவ்வாறு ஈடாகும்?

1995இல் வெளிவந்த நான்காம் தொகுப்பின் ‘கிவ் மி ஒன் ரீசன்’ பெருவெற்றி பெற்றதே என்று அவர்கள் கேட்டார்கள். அது நல்ல பாடல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் 1989இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடிவிட்டார். எனவே பிற்காலத்தின் பெரும் வெற்றி என்று அவர்கள் காட்டுவதும் தொடக்க ஆண்டுகளின் விளைச்சலே.

பீட்டில்ஸ் குழுவினர் தம் முதல் தொகுப்பை வெகுதூரம் கடந்து சென்றனர் என்பது உண்மை. ஆனால் 1963இல் வந்த அத்தொகுப்பின் 14 பாடல்களில் 6 பிறர் எழுதியவை. 10 பாடல்கள் ஒரே நாளில் பதிவானவை. தம் சொந்தப் பாடல்களை அவர்கள் அப்போதுதான் வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். சாப்மன் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தபோது அவருடைய பாடல்கள் முதிர்ந்திருந்தன.

‘ஃபாஸ்ட் கார்’ 35 ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் பாடகர் லூக் கோம்ப்ஸ் மீண்டும் பாடியதை ஒட்டி, 2023இல் அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதைச் சாப்மனுக்குப் பெற்றுத் தந்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. நடுவர் அவர்களே, அவர் வெளியிட்ட எட்டுத் தொகுப்புகளில், முதலாவதைப் போல ஒரு பாடலைக்கூட விலக்க மனம் வராத இன்னொன்றை எதிரணியினர் பெயர் சொல்லிக் காட்டட்டும்; அதுவரை தீர்ப்பு எங்கள் பக்கமே இருக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.