ஒரு வரி வசனம் பேசினால் பிள்ளைக்குத் தமிழ் வருமா? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். காவடி விரதத்தைப் பற்றிப் போன முறை பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம். இன்றைக்கு இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என்னை விடவே இல்லை.

அவருடைய மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் தமிழ் நாடகம் போடுகிறார்கள். பையனுக்குச் சேவகன் வேடம். வசனம் ஒரே வரிதான்: 'மன்னா, தங்களைக் காண வெளிநாட்டுத் தூதுவர் வந்திருக்கிறார்.' அதை அவன் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடுகிறான். பொருள் என்ன என்று கேட்டால் தெரியவில்லை. ஒத்திகையால் சனிக்கிழமை லெசோன், அதாவது டியூஷன், போய்விடுகிறது. அடுத்த ஆண்டு பிஎஸ்ஏசி, அதாவது தொடக்கப்பள்ளி முடிவுப் பரீட்சை வேறு. கடைசியாக அந்த அம்மா கேட்கிறார்: 'ஐயா, இதனால் படிப்புக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை கிரீடம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளத்தானா?'

படித்ததும் சிரித்துவிட்டேன். பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி நடத்தும் நாடகத்தால் பெரிதாகப் பயன் இல்லை. படம் நன்றாக வரும், பாட்டி பார்த்துச் சந்தோஷப்படுவார், அதுவும் வேண்டியதுதான். ஆனால் பையனுக்குத் தமிழ் ஒரு முழம்கூட நகராது.

ஏன் என்பதற்கு என் பழைய பல்லவிதான் பதில். தொடர்ந்து பார்க்கிறவர்கள் 'இவர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்' என்பீர்கள், பரவாயில்லை. பிள்ளை பேச வேண்டுமானால், பேசியே ஆக வேண்டிய ஒரு தேவை வேண்டும். நம் தீவில் வீட்டுக்குள் கிரியோல் மொழி, ரேடியோவில் பிரெஞ்சு, பரீட்சைத் தாளில் ஆங்கிலம். தமிழ் கோவிலில் காதில் விழுகிறது, பள்ளியில் ஒரு பாடவேளை வருகிறது. அந்தப் பாடவேளையிலும் நாம் என்ன செய்கிறோம்? மாம்பழப் படத்தைத் தூக்கிக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறோம். ஆசிரியருக்கு அது மாம்பழம் என்று தெரியும். அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் எதற்காக அவன் வாயைத் திறக்க வேண்டும்?

சந்தை விளையாட்டைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், மேசைமேல் காய்கறி வைத்து, போலி ரூபாய் கொடுத்து, பிள்ளைகளை வாங்க விற்க விடுவது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், மீதிச் சில்லறை குறைந்ததும் 'இல்லை, இன்னும் அஞ்சு ரூபாய் கொடு!' என்று கத்தினாள். அஞ்சு ரூபாய் அவளுக்குத் தேவையாக இருந்தது. அதுதான் நான் சொல்வது.

இன்னொன்று சொல்கிறேன், இதை இங்கே இதுவரை சொன்னதில்லை. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட், இங்கே எல்லோரும் பார்த்த இடம். பள்ளியிலிருந்து கூட்டிப்போவார்கள், 16 படிகளையும் எண்ணுவார்கள், திரும்பி வந்து கட்டுரை எழுதுவார்கள். முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தது 1834 நவம்பர் 2, அட்லஸ் கப்பல், 36 பேர் என்று எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கும். நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு முறை கட்டுரையை விட்டுவிட்டு, வகுப்பையே குடியேற்ற அலுவலகமாக மாற்றினேன். மேசைகளைச் சுவரோரம் தள்ளியாயிற்று. நான் எழுத்தர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவன். பிள்ளைகள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தவர்கள், அவர்களுக்குக் கிரியோல் தெரியக் கூடாது. பெயர், வயது, ஊர், உடம்பில் அடையாளம் என்று நான் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். நடுவில் ஒரு துபாஷி, மொழிபெயர்த்துச் சொல்பவன். வகுப்பில் தமிழில் மதிப்பெண் எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும் ஒரு பையனை அதற்குப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். அவன் கிரியோலில் ராஜா, கடைத்தெருவில் யாரும் அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

முதல் இரண்டு மூன்று பேர் சுலபமாகப் போனார்கள். அடுத்து ஒரு பெண் வந்தாள். ஊர் தஞ்சாவூர் என்றாள். அப்புறம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, 'என் தம்பிக்குக் காய்ச்சல், கப்பலிலேயே படுத்திருக்கிறான், அவனை விட்டுவிட்டு நான் இறங்க மாட்டேன்' என்றாள். துபாஷி என் பக்கம் திரும்பி, 'லி பா லே வினி', வர மாட்டாளாம், அவ்வளவுதான் சொன்னான். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, 'அப்படியானால் திருப்பி அனுப்பு' என்று கிரியோலில் உறுமினேன். அந்தப் பெண்ணுக்கு வந்ததே கோபம்! வேடத்தில் கிரியோல் தெரியாதவள், ஆனால் காது கேட்குமே. 'தம்பியைப் பற்றி நீ சொல்லவே இல்லை! காய்ச்சல் என்று சொல்லு!' என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திருதிருவென்று விழித்தான். காய்ச்சல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. அவள் நெற்றியில் கை வைத்துக் காட்டி நடுங்கினாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் சேர்ந்து நடுங்கினார்கள். துபாஷி 'ஆ, லாஃபியேவ்!' என்று கத்திவிட்டு என்னிடம் வந்து, தம்பிக்கு மருத்துவர் வேண்டும் என்று என்னோடு சண்டையே போட்டான். மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. அந்தப் பையன் மட்டும் என் பக்கத்தில் வந்து, 'எழுத்தர் கோபமாக இருக்கிறார் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும்?' என்று கேட்டான். அதுவரை அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வெளியே போகட்டுமா என்பதுதான்.

ஆசிரியரே வேடம் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே இறங்கும் இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் டாரத்தி ஹீத்கோட் என்ற அம்மையார் (1926–2011) செய்து காட்டியது. 14 வயதில் பள்ளியை விட்டு நெசவாலைக்கு வேலைக்குப் போனவர், பிறகு நியூகாசிலில் ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளை மேடையில் நிறுத்தி வசனம் ஒப்பிக்க வைப்பது அவர் நோக்கம் அல்ல. ஒரு சிக்கலுக்குள் அவர்களை இறக்கிவிட்டு, 'இப்போது என்ன செய்யப் போகிறோம்?' என்று கேட்பார்.

பரீட்சைக்கு என்ன பயன் என்று அந்த அம்மா கேட்டாரே, அதற்கும் வருகிறேன். 2000ஆம் ஆண்டில் ஆன் பாட்லோஸ்னி என்பவர், வகுப்பறை நாடகம் பற்றி நடந்த 80 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். கதையைப் புரிந்துகொள்வது, வாசிப்பு, வாய்மொழி, எழுத்து எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது. நடித்த கதையில் மட்டும் இல்லை, நடிக்காத புதிய கதையைப் படிக்கும்போதும் ஓரளவு தெரிந்தது. சொல்வளத்தில் மட்டும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. கணக்கில் மதிப்பெண் ஏறும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் பிஎஸ்ஏசி ஆங்கிலத் தாளிலும் பிரெஞ்சுத் தாளிலும் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களே, அங்கே நம் பிள்ளைகள் தடுமாறுவது அந்தப் பத்தியில் யார், எதற்காக, என்ன செய்கிறார் என்று பிடிபடாததால்தான். கதைக்குள் ஒருவனாக நின்று பார்த்த பிள்ளைக்கு அது சீக்கிரம் பிடிபடும். ஒரு சனிக்கிழமை லெசோன் போனதற்கு அழ வேண்டாம் அம்மா.

நாடகம் என்றாலே நமக்குத் திரை வேண்டும், விளக்கு வேண்டும். ரோஸ் ஹில் என்றதும் எனக்குப் பிளாசா நாடக அரங்கு நினைவுக்கு வருகிறது, 1933இல் திறந்தது. போர்ட் லூயிஸ் நாடக அரங்கு அதற்கும் மூத்தது, 1822. இரண்டும் பழுதுபார்ப்பு என்று பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன, நாமும் நாடகம் போச்சு என்று புலம்பினோம். ஆனால் வகுப்பில் மேசையைச் சுவரோரம் தள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நாடகம் மருந்தா என்றும் சிலர் கேட்கிறார்கள். தள்ளிவிட்டால் மருந்து இல்லை. அந்தக் குடியேற்ற அலுவலக விளையாட்டில், பதிவேட்டில் பெயர் எழுதுகிற வேலையை முதலில் கொடுங்கள். எழுத்துக்கூட்டல் சரியாக வேண்டுமானால் அவனே நிமிர்ந்து 'உன் பெயர் என்ன?' என்று கேட்டாக வேண்டும்.

சரி, நம் சேவகனுக்கு வருவோம். வசனத்தை மாற்றச் சொல்லி ஆசிரியரோடு சண்டை வேண்டாம். ராஜா வேடம் போடும் பையனிடம் ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் சேவகன் அந்த வரியைச் சொன்னதும், ராஜா தினமும் புதிதாக ஒரு கேள்வி கேட்கட்டும். எந்த நாட்டுத் தூதுவர்? எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்? கையில் வாள் இருக்கிறதா, பரிசு இருக்கிறதா? சாப்பிட்டார்களா? சேவகன் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ராஜா சிறையில் போடுவார். 'வாள் இல்லை மன்னா, பை இருக்கிறது' என்று உளறட்டும், போதும். தூதுவர் யார் என்று தெரியாமல் அவனால் பதில் சொல்ல முடியாது, ஆகவே வீட்டுக்கு வந்து உங்களிடம் கேட்பான். விழா அன்றைக்கு எழுதிய வரியையே சொல்லட்டும்.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டிருந்தார், ஒட்டுமீசைப் பசையால் பையனுக்கு உதட்டுக்கு மேலே சிவந்துவிடுகிறதாம். பசையை நிறுத்திவிடுங்கள், கண் மையால் வரைந்தால் பின்வரிசைக்கும் தெரியும். கழுவும்போது முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள், அப்புறம் சோப்பு.