பழைய பைத்தானும் புதிய பைத்தானும்

நேயர்களுக்கு வணக்கம். கைத்துப்பாக்கி பற்றிப் பேச்சு எடுத்தாலே, "அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி இப்போது வருமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லாமல் ஒரே ஒரு ரிவால்வரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த பைத்தான். .357 மேக்னம் என்ற தோட்டா ரகத்துக்கானது, ஒரே நேரத்தில் ஆறு தோட்டா போடலாம்.

நான் அரம் பிடித்துப் பிழைத்தவன். அதனால் என் கண் முதலில் போவது அதன் மெருகுக்குத்தான். ராயல் புளூ என்று அந்த நீலத்துக்குப் பெயர். அது பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே வேதிமுறையில் நிறம் மாற்றுவது. அடியில் ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பைத்தானில் திருகு ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். பாலிஷ் சக்கரம் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் அந்த விளிம்பு மழுங்கிப்போகும். அங்கே மழுங்கியிருக்காது. அது கைப்பழக்கம். காசு கொடுத்து உடனே வாங்க முடியாதது.

உள்ளேயும் அப்படித்தான். விசையை இழுக்கும்போது ஒரு சின்ன நெம்புகோல், தோட்டாக்கள் செருகும் உருளையான சிலிண்டரைத் தள்ளித் திருப்பும். போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வர்களில் சிலிண்டர் பூட்டிக்கொண்ட பிறகும் சற்று இளக்கம் விட்டிருப்பார்கள். பைத்தானில் நெம்புகோல் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். சுடும் கணத்தில் சிலிண்டர் அசையாது. ரசிகர்கள் கொண்டாடுவது இந்த இறுக்கத்தைத்தான். ஆனால் அதே அழுத்தம்தான் உறுப்புகளைத் தேய்க்கிறது. நிறையச் சுட்ட துப்பாக்கியில் சிலிண்டர் இடத்துக்கு வந்து பூட்டுவது பிந்திவிடும். அதைச் சரிசெய்ய, செய்தவன் அளவுக்குத் தேர்ந்த ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் என்ன ஆனார்கள்? 1986-இல் கோல்ட் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1990 வரை அது இழுத்தது. நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்து ஆலையை ஓட்டியது. 1992-இல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. ஃபிட்டரை நம்பி நிற்கும் பொருளுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. 2005-இல் பைத்தான் நின்றேபோனது.

அப்புறம் 2020-இல் திரும்பி வந்தது. துருப்பிடிக்காத எஃகு, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்த உறுப்புகள். உள் அமைப்பில் 14 உறுப்புகளைக் குறைத்ததாக நிறுவனம் சொன்னது. முதலில் வந்த சிலவற்றில் சிலிண்டர் சுழலாமல் நின்றதாகப் புகார் எழுந்தது உண்மைதான். ஆனாலும் இயந்திரம் என்று பார்த்தால் புதியதே மேல் என்பேன். எஃகு உறுதியானது, உறுப்புகள் ஒரே அளவில் வருகின்றன, பழுதுபார்ப்பும் எளிது.

ஒப்பிடும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இன்று நாம் பார்க்கும் பழைய பைத்தான்களில் பல, சுடாமலே பெட்டியில் இருந்தவை. அடிபட்டுத் தேய்ந்தவற்றை யார் காட்சிக்கு வைப்பார்கள்?

சரி, உரிமம் உள்ளவர் பழையதை வாங்கப்போகிறார் என்றால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு சிலிண்டர்மேல் விரலை லேசாக வைத்து, துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும், தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுதாகப் பின்னுக்கு வருவதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒன்றில் பிந்தினாலும், ரிப்பேர் செலவைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள். வணக்கம்.