அக்கா பொண்ணா, அத்தை பொண்ணா? அல்பினிசம் கணக்குல எது ரிஸ்க் அதிகம்?

ஒருத்தருக்கு ரெண்டு சம்சாரம். மூத்தவங்களுக்கு ஒரு பையன், இளையவங்களுக்கு ஒரு பொண்ணு. இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைக்கலாமான்னு கேட்டா செருப்பைத் தூக்குவீங்க. ஆனா ஜீன் கணக்குல அவங்க எவ்வளவு நெருக்கமோ, தாய்மாமனும் அக்கா பொண்ணும் அதே அளவு நெருக்கம். சராசரியா 25 சதவீதம் பொது.

(திரையில்: ரெண்டு குடும்பப் படம் பக்கத்துல பக்கத்துல)

திருத்தணி, நகரி, புத்தூர், சித்தூர். வீட்டுல தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் இந்தப் பக்கம் மேனரிகம், அதாவது மாமன், அத்தை உறவுக்குள்ள கல்யாணம், சகஜம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டுலயும் சுமார் நாலுல ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள்ளதான். அதனால இது யாரையும் குத்திக்காட்டுற வீடியோ இல்ல. கணக்கு வீடியோ.

அல்பினிசம்னா பிறவியிலேயே தோல், முடி, கண்ணுல நிறம் இல்லாம, இல்ல குறைவா இருக்குறது. ஏன்னு வேகமா பாத்துடலாம். தோல்ல நிறம் தயாரிக்கிற செல் எல்லாமே இருக்கும், எண்ணிக்கையும் சரியா இருக்கும். வேலைதான் நடக்காது. வெண்புள்ளியில அந்த செல்லே அழிஞ்சு போகுது, அதனால அது வேற, இது வேற. அதிகமா அடிபடுறது, மெலனின்ங்கற நிறமியைத் தயாரிக்க உதவுற டைரோசினேஸ் என்சைம். 529 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. நம்ம நாட்டுக் குடும்பங்கள்ல திரும்பத் திரும்பத் தென்படுற ஒரு பிழை, 278ஆவது இடத்துலயே முற்றுப்புள்ளி வச்சிடுது. பாதிச் சங்கிலி, பூஜ்ய மெலனின். கிரகணமும் காரணம் இல்ல, குங்குமப்பூவும் காரணம் இல்ல.

டைரோசினேஸைத் தயாரிக்கச் சொல்ற ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியா வரும். வீட்டுல ரெண்டு மோட்டார் இருக்குற மாதிரி, ஒண்ணு கெட்டாலும் டேங்க் நிறையும், யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பிரதி மட்டும் கெட்டவங்களைத்தான் கேரியர்னு சொல்றோம். உலக அளவுல சுமார் 70 பேர்ல ஒருத்தர் கேரியர். ரெண்டு கேரியர் சேர்ந்தா ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. "முதல் குழந்தைக்கு வந்துடுச்சே, இனி மூணுக்கு வராது"ன்னு நினைக்காதீங்க. ஜீன் யாரையும் ஞாபகம் வச்சுக்காது.

இனி வீடியோவோட நிஜமான பகுதி. பேனா எடுங்க.

குடும்பத்துல யாருக்குமே அல்பினிசம் இல்லன்னு வைங்க. சொந்தமில்லாத தம்பதிக்கு 20,000 பிறப்புல ஒண்ணு. எல்லாம் ஒரே ஜீன்னு எளிமையா வச்சுக்கிட்டா, அத்தை பொண்ணு மாமன் பையன் கல்யாணத்துல சுமார் 2,000ல ஒண்ணு. மாமன், அக்கா பொண்ணுன்னா சுமார் 1,070ல ஒண்ணு. 18 மடங்கு! இதை மட்டும் தலைப்பாப் போட்டா வியூஸ் அள்ளும். ஆனா அதே எண்ணைத் திருப்பிப் பாருங்க, ஆயிரத்துல 999 குழந்தைக்கு இந்தப் பிரச்சினை இல்ல. ரெண்டையும் சேர்த்துச் சொல்லாதவங்க பாதி உண்மைதான் சொல்றாங்க.

குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தருக்கு இருந்தா கதையே மாறுது. மாப்பிள்ளை அக்கா பொண்ணைக் கட்டப் போறார், அவரோட தம்பிக்கு அல்பினிசம்னு வைங்க. அப்போ இவங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியர், சந்தேகமே இல்ல. மாப்பிள்ளைக்குப் பாதிப்பு இல்ல, அதனால நாலு வாய்ப்புல ஒண்ணு கழிஞ்சுது. மிச்சம் மூணுல ரெண்டு கேரியர். அதாவது 2/3. அவரோட அக்காவுக்கும் அதே 2/3. அக்கா பொண்ணுக்கு அதுல பாதி, 1/3. இப்போ பெருக்குங்க: 2/3 × 1/3 × 1/4. விடை 1/18.

(திரையில்: 1/18 பெருசா)

அதே மாப்பிள்ளை வெளியில கட்டினா 2/3 × 1/70 × 1/4. அதாவது 420ல ஒண்ணு. மாப்பிள்ளையோட அக்கா பையனும் அண்ணன் பொண்ணும் கட்டிக்கிட்டா 36ல ஒண்ணு. 20,000ல ஆரம்பிச்சு 18க்கு வந்துட்டோம். அதனால "சொந்தமா?"ங்கற கேள்வியை விட "உங்க வீட்டுல யாருக்காவது இருக்கா?"ங்கற கேள்விதான் முதல்ல வரணும்.

ஒரு சுவாரசியம். சித்தப்பா பொண்ணு நமக்குத் தங்கச்சி, அத்தை பொண்ணு முறைப்பொண்ணு. டைரோசினேஸ் ஜீனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு உறவுலயும் 12.5 சதவீதம். ஜீனுக்கு முறை தெரியாது. ரத்த குரூப்பும் தெரியாது! "எனக்கு பி பாசிட்டிவ், அவளுக்கு ஓ பாசிட்டிவ், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்களுக்கு இந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணுங்க. குரூப் தீர்மானிக்கிற ஜீன் 9ஆவது குரோமோசோம்ல இருக்கு, டைரோசினேஸ் 11ல.

டெஸ்ட்டுல பலர் சறுக்குற இடம்: கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடியோட ரத்தத்தை முதல்ல எடுக்கிறது. தப்பு. முதல்ல பாதிக்கப்பட்டவரோட ரத்தம், ஊதா மூடி குழாயில 2-3 மில்லி. அவர்கிட்ட பிழை எதுன்னு தெரிஞ்சப்புறம், ஜோடிக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பாத்தா போதும், செலவும் குறையும். டைரோசினேஸ் ஜீனுக்கு நிழல் மாதிரி ஒரு போலி ஜீன் இருக்கு. நிஜ ஜீனோட நாலாவது, அஞ்சாவது பகுதி ரெண்டும் அதுல கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், லேப் குழம்பும். "போலி ஜீனைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"ன்னு கேளுங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க வீட்டுல பெரும்பாலும் ரெண்டு பிரதியிலயும் ஒரே பிழைதான் இருக்கும், அதனால லேப்புக்கு வேலை சுலபம். மேனரிகத்துல கிடைக்கிற ஒரே லாபம் இதுதான்னு நினைக்கிறேன். இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு வேலூர் சிஎம்சியில மரபியல் ஆலோசனை கிடைக்கும்.

கண் விஷயம் தனி வீடியோவா வரும். இப்போதைக்கு ஒண்ணு: கண்ணு ஆடுறதையும் பார்வை மங்கலையும் கண்ணாடி முழுசா சரி பண்ணாது, ஏன்னா விழித்திரையோட நடுப்பகுதியே சரியா வளரல.

இன்னொண்ணு, அவசரம். அல்பினிசம் உள்ள குழந்தைக்கு லேசா பட்டாலும் நீலமா கன்றிப்போகுதா, பல்லு பிடுங்கினா ரத்தம் நிக்கலையா? ஹெர்மான்ஸ்கி-புட்லாக்னு ஒரு அரிய வகை இருக்கு, அதுல ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் சரியா வேலை செய்யாது. எண்ணிப் பாத்தா நார்மலா இருக்கும், அதனால சாதாரண ரத்த டெஸ்ட்டுல சிக்காது. எந்த ஆபரேஷனுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடுங்க. ஆஸ்பிரின் நீங்களா கொடுக்காதீங்க.

உங்க வீட்டுக் கணக்கு வேணும்னா கமெண்ட்ல உறவு மட்டும் எழுதுங்க: யாருக்கு இருக்கு, கட்டிக்கப் போறவங்க அவருக்கு என்ன முறை. பேர், ஊர் வேண்டாம். பின்னத்துல பதில் போடுறேன்.