புகையும் குரலும்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் காது மூக்கு தொண்டை மருத்துவராகப் பணியாற்றும் என்னை, புகைபிடிப்பதால் குரலுக்கு நேரும் கேடுகளைப் பற்றிப் பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

நாம் பேசும்போது நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று, குரல்வளைக்குள் இருக்கும் இரு குரல் நாண்களையும் ஆண்களுக்கு நொடிக்கு ஏறக்குறைய 120 முறையும் பெண்களுக்கு 200 முறையும் அதிரச் செய்கிறது. இத்தனை வேகத்தில் அதிர, நாண்களின் மேற்பரப்பு மென்மையாகவும் ஈரமாகவும் இருந்தாக வேண்டும். புகை அந்த ஈரத்தை உலர்த்துவதோடு, சளியை வெளியேற்றும் நுண்மயிர்களையும் முடக்கிவிடுகிறது. தேங்கிய சளியை அகற்றப் புகைப்பவர் ஓயாமல் செருமுகிறார்; செருமும்போதெல்லாம் நாண்கள் மோதி மேலும் புண்படுகின்றன.

தொண்டைக்குள் பார்க்க உதவும் உள்நோக்கிக் குழாய் (எண்டோஸ்கோப்) வழியே பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். நலமான நாண்கள் முத்துப்போல் வெளுத்து, ஓரம் நேராக இருக்கும். நெடுங்காலம் புகைத்தவரின் நாண்களோ சிவந்து தடித்திருக்கும். சிலருக்கு மேல்தோலின் அடியில் நீர் கோத்து, மூச்சை இழுக்கையில் தொளதொளவென்று உள்நோக்கி ஆடும். கனத்த நாண் மெதுவாகவே அதிரும் என்பதால் குரல் தாழ்ந்துபோகிறது. புகைக்கும் பெண்களிடம் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும். தொலைபேசியில் அவர்களை ஆண் என்றே எண்ணிப் பலர் பேசிவிடுகிறார்கள்.

தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர், "சிகரெட்டைத் தொட்டதே இல்லை டாக்டர், பீடி மட்டும்தான்" என்று நிம்மதியோடு சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அணையாமலிருக்க அதை அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால், நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாத அளவில் உள்ளே போகின்றன.

நான் மிகவும் அஞ்சுவது குரல் நாணில் வரும் புற்றுநோயை. சிறு தடிப்புகூட அதிர்வைக் குலைத்துவிடும் என்பதால் இந்நோய் தொடக்கத்திலேயே குரலைக் கம்ம வைக்கிறது. அப்போதே வருபவர்களில் பெரும்பாலோரைக் கதிர்வீச்சாலோ லேசர் அறுவையாலோ, குரல்வளையை எடுக்காமலே குணப்படுத்த முடிகிறது. ஆனால் நம்மவர்கள் தொண்டைக்கட்டு என்றெண்ணி, பாலில் மிளகும் பனங்கற்கண்டும் கலந்து குடித்தே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். காய்கறி வண்டி தள்ளும் ஒருவர் அப்படித்தான் மூச்சுத் திணறலோடு வந்தார். "இவர் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும், ஐயா" என்று அவர் மனைவி சொல்ல, அவர் தலையை மட்டும் அசைத்தார். குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவர் கழுத்திலுள்ள துளை வழியே மூச்சு விடுகிறார், அத்துளையை விரலால் மூடிக்கொண்டு, உள்ளே பொருத்திய சிறு வால்வின் துணையால் பேசுகிறார்.

ஆகவே குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால், குறிப்பாகப் புகைப்பவர்கள், தயங்காமல் தொண்டையைக் காட்டிவிடுங்கள். சயான், பரேல் பகுதிகளிலுள்ள மாநகராட்சி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு இருக்கிறது. உள்நோக்கிப் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். புகையை விட்டவர்களுக்கு இருமலும் சளியும் குறைந்து, நாண்களின் வீக்கமும் ஓரளவு வடிகிறது. பழைய குரல் முழுவதும் திரும்பும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல இயலாது. தனியாக விட முடியாதவர்கள், புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். வணக்கம்.