விளக்கினால் சாகாத பகிடி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பழைய நகைச்சுவை நாடகமொன்றை வகுப்பில் படிப்பது அதன் சுவையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? கூட்டுகிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தங்கை, "பகிடியை விளக்கினால் பகிடி செத்துப்போகும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். சரி, பார்ப்போம்.

ஆங்கில இலக்கியப் பாடத்தில் நாங்கள் படித்தது அன்ரன் செக்கோவ் 1888இல் எழுதிய 'கரடி' என்ற ஓரங்க நாடகம். கணவன் இறந்து ஏழு மாதமாகியும் வீட்டை விட்டு வெளியே வராத விதவை பொப்போவா. கணவன் வைத்துவிட்டுப் போன 1200 ரூபிள் கடனைக் கேட்டு வருகிறான் ஸ்மிர்னோவ். சண்டை முற்றித் துப்பாக்கி வரை போகிறது. சுடத் தெரியாத அவளுக்கு அவனே சுடக் கற்றுக்கொடுக்கிறான். கடைசியில் காதல்!

தனியே வாசித்தபோது, அவன் கதிரையை உடைக்கிற இடத்தில் சிரித்தேன், அவ்வளவுதான். வகுப்பில் ரீச்சர் கேட்டார்: "அந்தக் கடன் எதற்கு வாங்கியது?" புரட்டிப் பார்த்தோம். ஓட்ஸ் வாங்கிய கடன்! தொடக்கத்தில் பொப்போவா, கணவன் ஆசையாக வைத்திருந்த டொபி என்ற குதிரைக்கு இன்றைக்குக் கூடுதலாக ஓட்ஸ் போடச் சொல்கிறாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவள் சொல்லும் கடைசி வசனமோ, டொபிக்கு இன்றைக்கு ஓட்ஸே வேண்டாம் என்பது. ஏழு மாதத் துக்கம் ஒரு குதிரையின் தீனியோடு முடிந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இதில் எந்தப் பகிடி செத்தது, தங்கச்சி?

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி' என்ற நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துத் தமிழருக்கு விளக்கினார். விளக்கினால் கெட்டுவிடும் என்று அவர் பயப்படவில்லை. நம் மட்டக்களப்புக் கூத்தையும் பாருங்கள். ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுக்கிற 'சட்டங்கொடுத்த' நாளிலிருந்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்க, ஊருக்கே பாட்டு மனப்பாடமாகிவிடும். அதற்குப் பிறகும் விடியும்வரை கூத்தாடும் களரியைச் சுற்றிச் சனம் இருக்கிறதே, கதை தெரியாமலா?

எல்லா இடத்திலும் நாங்கள் சிரிக்கவில்லை என்பது உண்மை. காசு தராமல் போக மாட்டேன் என்று ஸ்மிர்னோவ் அடம்பிடிக்கும் இடத்தில், பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "இது பகிடியா ரீச்சர்?" என்று கேட்டாள். கிழமைக் கடன் கேட்டு வருகிறவர்கள், காசைக் கட்டும்வரை முற்றத்தை விட்டு எழும்பாமல் இருப்பதைப் பார்த்த வீடுகள் நம் ஊர்களில் உண்டு. ஆண்துணை இல்லாத வீடுகள் அதிகம். வகுப்பு அமைதியாகிவிட்டது. எதிரணியினர் இதைச் சுவை குறைந்த கணக்கில் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஸ்மிர்னோவின் வசனத்தைத் திரும்ப வாசித்தோம். நாளைக்கு அவனும் வட்டி கட்ட வேண்டும். அவனிடம் கடன்பட்ட ஒருவரும் ஒரு சதம் தரவில்லை. கத்துகிறவனின் கழுத்திலும் கடன்! பாதி வகுப்பு அவன் பக்கம், மீதி பொப்போவா பக்கம் என்று தொடங்கிய வாக்குவாதம் மணி அடித்தும் ஓயவில்லை.

பாத்திரம் பிரித்து வாசித்த அன்று, "ஸ்மிர்னோவை எனக்குத் தாங்க ரீச்சர்" என்று கேட்டு வாங்கியவள் அதே பிள்ளைதான். வட்டிக்காக அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் யன்னலுக்கு வந்துவிட்டார்கள். தீர்ப்பு உங்கள் கையில், ஐயா. நன்றி.