ஒரே கொலை, இரண்டு தீர்ப்பு: சிறு பட்ஜெட் த்ரில்லர்களில் பார்வையாளர்கள் ஏன் பிரிகிறார்கள்?

[திரையில்: நட்சத்திர மதிப்பீட்டுப் பட்டைப் படம். இரு ஓரங்களிலும் உயரம், நடுவில் பள்ளம்.]

இந்தப் பட்டைகளைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஒரு பெருங்கூட்டம். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் இன்னொரு கூட்டம். சராசரி போட்டால் மூன்று வருகிறது, ஆனால் மூன்று கொடுத்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. குறைந்த செலவில் எடுத்த கொலை மர்மப் படங்களில் இந்த வடிவம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

சராசரியைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர் இங்கே ஏமாந்துபோவார். சதவீதமும் கைகொடுக்காது. விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், படம் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வாங்கியது என்று பொருளல்ல. நூறு விமர்சனங்களில் அறுபது படத்துக்குச் சாதகமாக இருந்தன, அவ்வளவுதான். மற்ற நாற்பது பேர் லேசாக முகம் சுளித்தார்களா, கொதித்துப் போனார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது.

சரி, ஒரே படத்தைப் பார்த்தவர்கள் இப்படி இரண்டாகப் பிரிவது எதனால்? ரசனை வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் படத்துக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் காதில் இருக்கிறது.

[திரையில்: விசாரணை அறை. மேசையின் இருபுறமும் இருவர்.]

இந்தக் காட்சியைக் கவனியுங்கள். அதிகாரி பேசும்போது பின்னால் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடுகிறது. கேமரா திரும்பிச் சந்தேக நபரைக் காட்டியதும் இரைச்சல் நின்றுவிடுகிறது. மறுபடி அதிகாரி, மறுபடி இரைச்சல். ஒரே அறையில் இருக்கும் இருவர் இரண்டு வீடுகளில் உட்கார்ந்து பேசுவதுபோல ஆகிவிடுகிறது. ஹெட்ஃபோனில் பார்ப்பவர் காரணம் புரியாமலே காட்சியை நம்ப மறுக்கிறார். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பார்ப்பவருக்கு இது கேட்பதே இல்லை. முன்னவர் "மட்டமான படம்" என்கிறார், பின்னவர் "நடிப்பு அருமை" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. இதற்கு மருந்து எளியது. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால் போதும். அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் ஓடவிட்டால் இந்தத் துண்டு துண்டான உணர்வு பெரும்பாலும் மறைந்துவிடும். அவசரத்தில் பலர் இந்த ஒரு நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஆள்கணக்கு. இதுதான் பெரிய விஷயம்.

பணம் இல்லாத படத்தில் பாத்திரங்கள் குறைவு. கொலையானவரை விட்டால் ஐந்தாறு முகங்கள் மிஞ்சும். அதில் விசாரிப்பவரைக் கழியுங்கள், அழுதுகொண்டே இருப்பவரைக் கழியுங்கள். மிச்சம் இருப்பவர்களில், கதைக்கு எந்த வேலையும் செய்யாமல் அவ்வப்போது வந்து தலைகாட்டுபவர் ஒருவர் இருப்பார். ஏன் இருக்கிறார்? கொலையாளியாக இருப்பதற்காகத்தான். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைப் பாத்திரச் சிக்கன விதி என்றே எழுதிவைத்தார்: தேவையில்லாத பாத்திரத்துக்குச் சம்பளம் கொடுக்கப் படங்களால் முடியாது, ஆகவே தேவையில்லாதவர்போலத் தெரிபவரைச் சந்தேகியுங்கள். புதுமுகங்களுக்கு நடுவே தெரிந்த நடிகர் ஒருவர் இரண்டு நிமிடம் மட்டும் வந்து போனாலும் இதே கதைதான்.

த்ரில்லர்களை விடாமல் பார்ப்பவர் இந்தக் கணக்கை இடைவேளைக்கு முன்பே போட்டுவிடுகிறார். எப்போதாவது பார்ப்பவர் போடுவதில்லை. முகமூடி கழன்று விழும் நேரத்தில் ஒருவர் கொட்டாவி விடுகிறார், இன்னொருவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் பெரும்பாலும் அந்த நொடியில்தான் பிரிகின்றன.

[திரையில்: மேசை. அதன் அடியில் டைம் பாம்.]

த்ரில்லர் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் இங்கே உதவும். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். அதிர்ச்சி, ஊகிக்காதவரிடம் ஒரே ஒரு முறைதான் பலிக்கும். பதற்றத்துக்கு அந்தத் தடை இல்லை.

சிறு பட்ஜெட் படங்கள் பெரும்பாலும் முழுப் பணயத்தையும் அதிர்ச்சியின் மேல் வைக்கின்றன. திருப்பம் எழுதக் காசு செலவாகாது என்ற நினைப்பு. ஆனால் திருப்பத்தை ஒளித்துவைக்க நிறைய முகங்கள் வேண்டும், நிறைய இடங்கள் வேண்டும். அது செலவு. கையில் இல்லாததை நம்பிப் பந்தயம் கட்டுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

[திரையில்: திரையரங்க வாசல். மூடிய கதவுகள்.]

அதே ஹிட்ச்காக் 1960-இல் வெளியான 'சைக்கோ'வைச் சுமார் 8 லட்சம் டாலரில், தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்துக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். படம் பாதியை எட்டுமுன் நாயகி கொல்லப்படுகிறாள். தாமதமாக வருபவர் அவளைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்பதால், படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்குக் கட்டளை போனது. அதிர்ச்சியை நம்பியவர் அதைக் காப்பாற்ற வாசல்வரை யோசித்திருக்கிறார்.

பட்ஜெட்டைப் பார்த்துச் சலுகை கொடுக்கலாமா என்ற சண்டையும் உண்டு. வெளிச்சத்துக்கும், ஆளில்லாத தெருவுக்கும், பழைய காருக்கும் கொடுக்கலாம் என்பேன். திரைக்கதை ஓட்டைக்குக் கொடுக்க மாட்டேன். கொலை நடந்த இரவு, இறந்தவர் கடைசியாகப் பேசிய எண் எது என்று ஓர் அதிகாரிகூடக் கேட்காத படங்கள் இருக்கின்றன. அந்தக் கேள்வியைச் சேர்க்க ஒரு வரி வசனம் போதும். கேட்டால் கதை முடிந்துவிடும் என்றால் கதையை மாற்ற வேண்டும். துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி எழுதினார். கடைசி இருபது நிமிடத்தில், நாம் பார்த்தே இராத பழைய சம்பவத்தைக் கொலையாளி நின்று ஒப்பிக்கும் படங்கள் அந்த விதியைத்தான் மீறுகின்றன. ஏமாற்றப்பட்டதாகப் பார்வையாளர் கோபப்பட்டால், அந்தக் கோபம் நியாயமானது.

காசில்லாமலும் செய்ய முடியும் என்பதற்குக் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' இருக்கிறது. 1998-இல் வெளியானது. செலவு சுமார் 6,000 டாலர். வார இறுதிகளில் படப்பிடிப்பு. ஃபிலிம் வீணாகாமல் இருக்க நடிகர்களை நாடகம்போல ஒத்திகை பார்க்கவைத்து, ஓரிரண்டு டேக்கில் முடித்தார்கள். கதையின் கால வரிசையைக் கலைத்துச் சொன்னதற்கு ஒரு டாலரும் செலவில்லை.

இன்னொரு வழி அதைவிடப் பழையது. 1971-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக ஓடத் தொடங்கிய துப்பறியும் கதை 'கொலம்போ' பெரும்பாலும் கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடும். துப்பறிபவர் அவரை எப்படி மடக்கப்போகிறார் என்பது மட்டுமே கேள்வி. அங்கே ஆள்கணக்குப் போட வேலையில்லை, "முன்பே கண்டுபிடித்துவிட்டேன்" என்று யாரும் குறை சொல்லவும் முடியாது. கையில் ஐந்து நடிகர்களும் இரண்டு அறைகளும் மட்டும் இருக்கும் இளம் இயக்குநர்கள் ஒரு முறை இப்படி எழுதிப் பார்க்க வேண்டும்: முதல் பத்து நிமிடத்திலேயே கொலையாளியைக் காட்டிவிட்டு, மீதி எண்பது நிமிடத்தை அவர் எப்படி மாட்டுகிறார் என்பதற்கே கொடுங்கள்.